பன்னிரண்டாவது பதிவு

மார்ச் 4

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நீங்கள் என் அம்மாவின் தம்பி என்பதும், டிசம்பரிலிருந்து நாம் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதும் இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். நான் மருந்துக் கடையிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை நர்ஸம்மா எடுத்து, "டாக்டர் பிஸியா இருக்காரும்மா" என்றார். இரண்டாவது முறை நீங்களே எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். நான்கு தெரு தள்ளி இருக்கிற ஆளுக்குக் கடிதம் எழுதுவது எனக்கும் கேவலமாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உங்கள் சீட்டோடு வந்தார். பிரஷருக்கான ஒரே மருந்து அதில் இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு வரியாக இருக்கிறது. இரண்டையும் விழுங்கினால் நாடித் துடிப்பு இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். அவருக்கு வயது எழுபத்திரண்டு. வீடு மூன்றாவது மாடியில். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை நிறுத்தி வைத்திருக்கிறேன். எது வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

எங்கள் கடையில் ஒரு நோட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். தேதி, நோயாளி, சீட்டில் என்ன சிக்கல், யாரிடம் கேட்டோம், என்ன செய்தோம், முடிவு என்று ஆறு கட்டம். சிக்கல் தீர்ந்தால் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகலெடுத்து மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே டாக்டரின் சீட்டுகளில் பத்துக்கு மேல் சிக்கல் வந்திருந்தால் அதைத் தனித் தாளில், டாக்டரின் பெயரோடு அனுப்ப வேண்டும். பிறகு அவர்கள் விசாரிக்க வருவார்கள். மருத்துவம் பார்க்கும் உரிமத்தை நிறுத்தியும் வைப்பார்கள். வாத்தியாருடையது இந்தக் காலாண்டில் உங்கள் ஒன்பதாவது. மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும்.

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறும் எண்ணிக்கை.

இப்படிக்கு,
மருந்தாளுநர்


மார்ச் 5

மருந்தாளுநர் அம்மையார் அவர்களுக்கு,

கொசு, உனக்கு இந்தப் பெயரை வைத்தவன் நான்தான். தொட்டிலில் கிடக்கும்போதே காதருகில் ஓயாமல் கத்துவாய். இன்னும் நிறுத்தவில்லை.

உன் கடிதத்தை நர்ஸம்மா கொண்டுவந்து நீட்டியபோது வெளியே நாற்பத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தாறு பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாருக்கு இரண்டாவது வரி மட்டும் போதும். பழைய கம்பெனியை மாற்றிப் புதியதை எழுதினேன், பழையதை அடிக்க விட்டுப்போயிற்று. அவ்வளவுதான். அதற்கு ஒன்பதாவது, பத்தாவது என்று ஏலம் போடுகிறாய்.

டிசம்பரில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. கூட்டம் நிறைந்த வராந்தாவில் வந்து நின்று, "மாமா, இந்த மருந்து இவங்களுக்கு ஒத்துக்காது, போன வருஷம் நீங்களே எழுதியிருக்கீங்க" என்று சீட்டை ஆட்டினாய். சரியாகத்தான் சொன்னாய். அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு கிழவர் ஒவ்வொரு தடவையும் சீட்டை வாங்கிக்கொண்டு கேட்கிறார்: "டாக்டர், இத மருமகப் பொண்ணு பாத்துடுச்சா?"

இங்கே டியூப்லைட் சரியில்லை. சின்ன எழுத்தெல்லாம் அலைகிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன். பேசிப் பேசி வாய் மரக்கட்டை மாதிரி காய்ந்துபோகிறது, மேசைமேல் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் வந்து இந்த நாற்காலியில் நீ உட்கார்ந்து பார். பிறகு கட்டம் போடலாம்.

டாக்டர்

பி.கு.: வழக்கமான என் மூன்று மருந்தையும் நர்ஸம்மாவிடம் கொடுத்தனுப்பு. சண்டை உன்னோடுதான், மருந்தோடு இல்லை.


மார்ச் 9

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் மூன்று மருந்தையும் ஐந்தாம் தேதியே கொடுத்தனுப்பிவிட்டேன். இது தையல்காரம்மாவைப் பற்றி.

வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். கவுன்ட்டரில் வேலை பார்க்கிற அண்ணன் உங்கள் சீட்டைப் பார்த்து அந்தம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டார். நான்கு மில்லிகிராம். அவர்கள் ஐந்து வருஷமாகச் சாப்பிடுவது ஒரு மில்லிகிராம். மதியம் சீட்டு நகலைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளினிக்குக்குப் போன் செய்தேன். நர்ஸம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஒண்ணுதானாம்மா, கை தவறிடுச்சாம். டாக்டர் சரின்னுட்டாரு" என்றார். போனை வைத்தேன். நோட்டில் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன்.

கிளினிக்கிலிருந்து சொல்லிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். கடையிலிருந்து சொல்லிவிடுவார்கள் என்று நீங்கள் நினைத்தீர்கள். அந்தம்மாவிடம் யாருமே சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மெஷினில் உட்கார்ந்திருந்தபோதே மயங்கிவிட்டார்கள். மோட்டார் மெஷின். கால் மிதியிலேயே அழுந்திக் கிடந்திருக்கிறது. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து உள்ளேயே முறிந்துவிட்டது. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். இறங்கிப்போன சர்க்கரை ஏறிவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை. விரல் மடங்குமா என்று இன்னும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "டாக்டர் எழுதினாரு, நீங்க குடுத்தீங்க, அவ முழுங்கினா. இதுல தப்பு பண்ணது யாரும்மா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு காலைப் பொழுதில் எண்பது பேரைப் பார்க்கிற கிளினிக், ஆளுக்கு இரண்டு நிமிஷம். மருந்துக் கடையில் ஒரு நிமிஷம். 'காலைல வெள்ளை, சாயங்காலம் மஞ்சள்' என்பதற்கு மேல் தன் உடம்புக்குள் போவது என்னவென்று தெரியாமல் இந்த மனிதர்களை வைத்திருப்பது நாம்தான். அவர்கள் கேட்டால் 'படிச்ச டாக்டருக்குத் தெரியாதா' என்று வாயை அடைப்பதும் நாம்தான். நாம் என்றுதான் எழுதுகிறேன். என்னை விட்டுவிட்டு எழுதவில்லை.

அந்த டிக்கின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது பத்தாவது.

மருந்தாளுநர்


மார்ச் 11

கொசு,

டியூப்லைட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். "நீங்க எதுக்கு டாக்டர் அலையறீங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கட்டுப் போட்ட விரலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படுமாம். என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

நான்கு என்று எழுதியது எனக்கு ஞாபகமில்லை. நகலைப் பார்த்தேன், என் கையெழுத்துத்தான். அந்தம்மா அன்றைக்குக் கிளினிக்குக்கு வந்ததும் ஞாபகமில்லை. எண்பது பேரில் ஒரு முகம் எப்படி ஞாபகமிருக்கும் என்று உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவள் என் கிளினிக்கின் ஜன்னல் திரையைத் தைத்தவள். எனக்கு அவள் முகம் ஞாபகமிருக்க வேண்டும்.

புதுக் கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறேன். களைப்புத்தான். வேறொன்றுமில்லை. உன் கட்டத்தை நீ நிரப்பு, நான் தடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்தத் தெருக்களில் வைத்தியம் பார்த்தவனை ஒரு கோடு போட்ட நோட்டு எடை போடட்டும்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே. அவள் பயந்துவிடுவாள்.

இங்கே வெளிச்சம் போதவில்லை. டியூப்லைட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மாமா


மார்ச் 16

மாமா,

பதினோராவதும் வந்துவிட்டது. எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து. இரண்டரை மில்லி இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டில் கடையை விட்டுப் போகவில்லை. போனில் உங்கள் நர்ஸம்மா 'சரி' என்றதும் நான் டிக் போடவில்லை. சாயங்காலம் பாட்டிலை எடுத்துக்கொண்டு குழந்தையின் வீட்டுக்கே போனேன். மருந்து மூடியில் பேனாவால் கோடு போட்டு, குழந்தையின் அம்மாவையே ஊற்றிக் காட்டச் சொன்னேன். கோட்டுக்கு மேலே ஊற்றினாள். மறுபடி சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை சரியாக ஊற்றினாள். அப்புறம்தான் டிக். இத்தனை வருஷமாக இப்படிப் பார்க்காமலேதான் டிக் போட்டிருக்கிறேன்.

முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு வரிய அடிச்சிடும்மா, ஒன்பதாயிடும். அவர் சீட்டு வரலேன்னா நாம இங்க உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்றார். முடியாது என்றேன். "நோட்டு கடையோடது, உன்னோடது இல்ல" என்றார். அன்றிலிருந்து நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். இது விதிப்படி தப்பு. தெரிந்துதான் செய்கிறேன்.

அம்மா கடைக்கே வந்துவிட்டாள். நான் சொல்லவில்லை, முதலாளிதான் சொல்லியிருக்கிறார். வரிசையை வெட்டிக்கொண்டு கவுன்ட்டரில் கையை ஊன்றினாள்.

"தாய்மாமன் மேல பெட்டிஷன் போடற மருமக உலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

"பெட்டிஷன் இல்லம்மா. எண்ணிக்கை."

"எண்ணிக்கையாம்! பத்தாவதுல கணக்குல முப்பத்தஞ்சு வாங்கினவ நீ. உன் எண்ணிக்கைய நம்பி என் தம்பியத் தெருவுல நிறுத்தணுமா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அம்மா போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

நோட்டின் பழைய பக்கங்களை நேற்று முழுக்கப் பார்த்தேன். கடந்த இரண்டு வருஷத்தில், நவம்பர் வரைக்கும், உங்கள் பெயரில் மூன்றே மூன்று பதிவு. பக்கத்துத் தெரு டாக்டருக்கு இருபது. இந்த ஊரிலேயே சுத்தமாகச் சீட்டு எழுதியவர் நீங்கள்தான் மாமா. டிசம்பரில் ஒன்று. ஜனவரியிலிருந்து பதினொன்று. களைப்பு இப்படி ஒரு மாதத்தில் வந்து உட்காராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போன கடிதத்தில் டியூப்லைட்டை மாற்றச் சொன்னதை மேலே ஒரு தரமும் கீழே ஒரு தரமும் எழுதியிருக்கிறீர்கள்.

நவம்பரில் என்ன ஆயிற்று? இதை நான் அலுவலகத்துக்காகக் கேட்கவில்லை.

கொசு


மார்ச் 18

கொசு,

என் அப்பாவுக்கு அறுபத்தொரு வயதில் ஆரம்பித்தது. முதலில் சாவி. பிறகு தெரு. பிறகு கழிவறை எந்தப் பக்கம் என்பது. கடைசியில் ஒரு நாள் என்னைப் பார்த்து, "சார் எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நீ அப்போது பிறக்கவில்லை. உன் அம்மாதான் பக்கத்து அறைக்குப் போய்ச் சத்தம் போடாமல் அழுதாள்.

எனக்கு ஐம்பத்தொன்பது.

நவம்பரிலிருந்து தெரியும். பேசிக்கொண்டே இருக்கும்போது அடுத்த வார்த்தை வராது. நோயாளி காத்திருப்பார், நான் இருமுவது போல நடிப்பேன். உன் போனை நான் எடுக்காததற்கு டிசம்பர் சண்டை ஒரு சாக்கு. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று தெரியும். உன் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு நர்ஸம்மாவை மூன்று வார்த்தை சொல்லச் சொன்னேன். ஐந்து நிமிஷம் கழித்து நான் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூளை தேய்கிறவர்களுக்கு நாங்கள் வைக்கிற சோதனை இது. என் அப்பாவுக்கு நானே வைத்திருக்கிறேன். நர்ஸம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "நாற்காலி, திரை, ஊசி" என்றார். எனக்கு நாற்காலி மட்டும்தான் வந்தது, அதுவும் அதன்மேல் உட்கார்ந்திருந்ததால். நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "நானும் மறந்துட்டேன் டாக்டர்" என்றார். மூன்றையும் குறித்து வைத்த துண்டுத் தாள் அவர் கையிலேயே இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் பொய்.

முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. 'அனுப்பாதே' என்று எழுதினேன், அடித்தேன். 'அனுப்பு' என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். இரண்டும் தாளின் மேலேயே தெரியும்.

மாமா

பி.கு.: என் மூன்று மருந்தும் தீர்ந்துவிட்டன. நர்ஸம்மாவிடம் கொடுத்தனுப்பு.


மார்ச் 19

மாமா,

மருந்து கொடுத்தனுப்பவில்லை. நர்ஸம்மா கவுன்ட்டரில் நிற்கிறார், நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஐந்தாம் தேதி மூன்று மருந்திலும் முப்பது முப்பது மாத்திரை கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு. இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். ஒன்று, போட்டதை மறந்து நாளுக்கு இரண்டு தரம் போடுகிறீர்கள். இல்லையென்றால் எங்கேயோ வைத்துவிட்டீர்கள். வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் முதல் காரியமாக அவருடைய பழைய சீட்டை எடுத்துப் பார்ப்பேன். உங்களுடையதைத் தேடினேன். இல்லை. உங்களுக்குச் சீட்டே கிடையாது. ஒரு தடவை வாயால் சொல்வீர்கள், ஒரு தடவை நர்ஸம்மாவிடம் துண்டுத் தாள் வரும். எங்கள் பில் புத்தகத்தைத் தோண்டித்தான் எடுத்தேன்.

ஜூலையிலிருந்து கழுத்து அரிப்புக்கு. செப்டம்பரிலிருந்து அடிக்கடி சிறுநீர் வருவதற்கு. நவம்பர் மூன்றாம் தேதியிலிருந்து கால் எரிச்சலுக்கு.

தனித்தனியாக எழுதினால் மூன்றும் எழுதக்கூடிய மருந்துகள்தான். ஆனால் மூன்றும் உடம்புக்குள் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஈரத்தை உறிஞ்சும் வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் வாய் காயும், கிட்டப் பார்வை மங்கும், எழுத்து அலையும், ஞாபகம் புகைமூட்டமாகும். வயதானவர்களுக்கு அது மூளை தேய்வது போலவே தெரியும். இதை நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது, நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். நாற்பத்தாறு பேரில் ஒருவர் இந்த மூன்றோடு வந்திருந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள். இரண்டு பாட்டில் தண்ணீரை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே மாமா. அதை எனக்கு எழுதவும் எழுதினீர்கள். நானும் படித்துவிட்டு மருந்தைக் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நவம்பர் மூன்றாம் தேதி அந்த மூன்றாவது மருந்தை என் கையால்தான் கொடுத்தேன். முகம் தெரியாத ஒருவருக்கு அந்த மூன்றையும் சேர்த்துக் கொடுக்க என் கை வராது. அன்றைக்கே நோட்டைத் திறந்திருப்பேன். கேட்டது மாமா என்பதால் நோட்டையே எடுக்கவில்லை. ஊரில் இருக்கிற எல்லா டாக்டரையும் கேள்வி கேட்கிறவள் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் எங்கே வேலை செய்ய வேண்டுமோ அங்கே தூங்கிவிட்டது.

நான் சொல்வது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. இந்த மாத்திரைகளாகவும் இருக்கலாம், தாத்தாவுக்கு வந்ததாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இன்றைக்கே வேறொரு டாக்டரிடம் போங்கள். எல்லாவற்றையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், கால் எரிச்சல் மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதையும் அவர் எழுதட்டும். உங்களுக்கு நீங்களே எழுதியது போதும். அவர் சொல்லும்வரை சீட்டு எழுதுவதையும் நிறுத்துங்கள்.

நோட்டில் எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது. நோயாளி: டாக்டர். சிக்கல்: ஒரே வேலையைச் செய்யும் மூன்று மருந்துகள், நான்கரை மாதம். யாரிடம் கேட்டோம் என்ற கட்டத்தில், 'யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது நான்' என்று எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டம் காலி.

கொசு


மார்ச் 27

கொசு,

அன்றைக்கு உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். நர்ஸம்மா அதை எடுத்து நீவி, மறுபடி மேசைமேல் வைத்து, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். காலி அட்டைகள் இருந்தன. எண்ணினேன். நாளுக்கு இரண்டு தரம்தான்.

இருபதாம் தேதியிலிருந்து கிளினிக் மூடியிருக்கிறது. 'டாக்டருக்கு உடம்பு சரியில்லை' என்று நர்ஸம்மா பலகை எழுதி மாட்டினார். கிழவர் வந்து படித்துவிட்டு, "டாக்டருக்கும் உடம்பு உண்டா?" என்றாராம். நல்ல கேள்வி. உண்டு என்று எனக்கே தெரியாது. எண்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து கழிவறைக்குப் போக வெட்கப்பட்டுத்தான் இரண்டாவது மாத்திரையை ஆரம்பித்தேன். கால் எரிச்சலில் ராத்திரி தூங்காவிட்டால் காலையில் எண்பது பேரைப் பார்க்க முடியாது என்றுதான் மூன்றாவது. என் நோயாளி யாராவது இப்படிச் செய்திருந்தால் கன்னத்தில் அறையாத குறையாகத் திட்டியிருப்பேன்.

எனக்குக் கீழே பயிற்சி பார்த்த பெண் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர். அவளிடம் போய் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரமும் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். அவள் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இத எழுதினது யாரு சார்?" என்றாள். "எங்க வீட்டுக் கொசு" என்றேன். இரண்டு மருந்தை நிறுத்திவிட்டாள், மூன்றாவதை வாரா வாரம் குறைக்கிறாள். ஆறு வாரம் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறாள்.

வாயில் எச்சில் ஊறுகிறது. இதை ஒரு செய்தியாக எழுதுவேன் என்று நினைத்ததில்லை. செய்தித்தாளின் சின்ன எழுத்து அலையாமல் நிற்கிறது. ஆனால் முந்தாநாள் குளித்துவிட்டு வந்து, குளித்தேனா என்று துண்டைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டையும் எழுதிவிட்டேன். நல்லதை மட்டும் எழுதி உன்னை ஏமாற்றப் பார்க்கவில்லை.

அனுப்பு. பதினொன்றையும் அனுப்பு. இந்தத் தடவை அடிக்க மாட்டேன். தையல்காரம்மா விரலை மறைத்துக்கொண்டது போல நான் எதையும் மறைக்கக் கூடாது.

மாமா


மார்ச் 30

மாமா,

அனுப்பிவிட்டேன். தனித் தாளில் பதினொன்று, உங்கள் பெயரோடு. இன்னொரு தாளில் பன்னிரண்டாவது, என் பெயரோடு. தபால் பெட்டியில் போட்ட பிறகும் கையை உடனே வெளியே எடுக்க முடியவில்லை.

முதலாளி பேசுவதில்லை. அம்மாவும் பேசுவதில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி. தையல்காரம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நேரில் போய், சர்க்கரை மாத்திரை ஒன்றுதான் என்று மாத்திரையைக் கையில் வைத்துக் காட்டிச் சொன்னேன். தப்பு யாருடையது என்று அவர்கள் வீட்டுக்காரர் கேட்டாரே, அதற்கும் பதில் சொன்னேன். இரண்டு பேருடையதும் என்று. அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. விரல் பாதிதான் மடங்குகிறது.

கொசு


மே 10

கொசு,

விசாரணைக்கு வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நரம்பு டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. உனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்ததாக நர்ஸம்மா சொன்னார். உன் வேலைக்கு ஆபத்தில்லையே?

ஆறு வாரம் முடிந்துவிட்டது, நேற்றுதான் டோக்கன் கிடைத்தது. போனேன். கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், உன் அம்மா மெச்சும்படி கழித்தேன். பிறகு மூன்று வார்த்தை. வேறு வார்த்தைகள்: ஜன்னல், கயிறு, பால். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டாள். ஜன்னல், பால். நடுவில் ஒரு பள்ளம். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்தாள், நான் அவள் மேசையைப் பார்த்தேன். "பரவாயில்ல சார், மார்ச்ல ஒண்ணு, இப்ப ரெண்டு" என்றாள். நான் நோயாளிகளிடம் 'பரவாயில்லை' என்று சொல்லும்போது அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறாள்.

வெளியே வந்து நடந்தேன். தெருமுனையில் ஒருவன் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் பத்தடி போன பிறகு வந்தது. கயிறு. அவன் கையில் இருந்ததைப் பார்த்ததால் வந்ததா, தானாக வந்ததா? திரும்பிப் போய் அவளிடம் சொல்லலாமா என்று நடுத்தெருவில் நின்றேன். ஐம்பத்தொன்பது வயது ஆள், 'கயிறு, கயிறு' என்று முணுமுணுத்துக்கொண்டு. ஒரு சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான்.

இதை ஜெயித்ததாக எடுத்துக்கொள்வதா தோற்றதாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் நோட்டில் பன்னிரண்டாவது பதிவுக்குக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறதே, அதில் என்ன எழுதப்போகிறாய்?

மாமா


மே 11

மாமா,

வேலை இருக்கிறது. எச்சரிக்கைக் கடிதத்தைக் கவுன்ட்டருக்கு உள்பக்கம், கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். முதலாளி கிழித்துப் போடச் சொன்னார். அவர் ஆறு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

உங்கள் கட்டத்தில் டிக் போடவில்லை. 'தெருமுனையில் வந்தது' என்று எழுதி, தேதி போட்டிருக்கிறேன். கட்டம் சின்னது, அதற்குமேல் எழுத இடமில்லை. கீழே ஒரு தாளை ஒட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அந்த மூன்று வார்த்தையையும் கேட்கிறேன். அதற்கடுத்த ஞாயிறும் வருவேன். அம்மா என்னோடு வர மாட்டாளாம், தனியாகத்தான் வருவாளாம். எத்தனை மணிக்கு என்று சொல்ல மறுக்கிறாள். கதவைத் திறந்தே வையுங்கள்.

கொசு